ஓடிவரும் கருணையும் காத்துநிற்கும் அறிவும்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே இருக்கும் ஏழாயிரம்பண்ணை, பாளையக்காரர் காலத்துச் சரித்திரத்திலே கும்பினியாரை எதிர்த்துத் தன் பாளையத்தை இழந்த ஊர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. நம் காலத்திலோ, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தன் உழைப்பைக் கொடுத்து, தேசமெங்கும் தீபாவளி இரவை ஒளிமயமாக்கும் ஊர்களுள் ஒன்றாக விளங்குகிறது. பொழுது புலர்ந்ததும் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு ஆலை வண்டிகள் வந்து நிற்பதும், தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்களும் ஆண்களும் ஏறிச் செல்வதும் அங்கே அன்றாடக் காட்சி. அப்படி வேலைக்குச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி, அருகிலுள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் மாண்டார்கள்.

அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், 2012 செப்டம்பர் 5ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தோ, இப்பிரதேசம் என்றைக்கும் மறக்கலாகாத ஒரு பாடத்தைத் தன்னுள் கொண்டது. ஆலையில் தீப்பிடித்த செய்தி பரவியதும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள்; சிக்கியவர்களை மீட்கச் சிலர், உற்றாரைத் தேடிச் சிலர், என்ன நேர்ந்தது என்று காணச் சிலர். அவர்கள் கூடியிருந்த வேளையில், உள்ளே இருப்பிலிருந்த சரக்கும் மருந்தும் பெரும் வேகத்துடன் வெடித்தன. ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளரே அல்லர், உதவிக்கென ஓடி வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் ஆவர்.

ரசாயன விபத்துக்கோ கதிரியக்க விபத்துக்கோ ஓர் ஊரை ஆயத்தம் செய்வதென்றால், தீயணைப்பு வண்டிகளையும் முகமூடிகளையும் அளவுமானிகளையும் வாங்கிச் சேர்ப்பதே அதன் பொருள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், விபத்து நேர்ந்த முதல் அரைமணி நேரத்தில் அவ்விடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அண்டை அயலாரே. அவர்களிடம் கருவி எதுவும் இராது, முன்பே கற்றறிந்தது மட்டுமே இருக்கும். அந்த அறிவு இல்லாத இடத்தில் மனிதனின் மிகச் சிறந்த குணமாகிய கருணையே அவனை அபாயத்தின் வாய்க்குள் இழுத்துச் செல்கிறது என்பதை முதலிப்பட்டி காட்டியது. ஆகையால், நம் அச்சத்துக்கு உரிய பொருள்களின் இயல்பைச் சாஸ்திர ரீதியாக அறிந்துகொள்வதே ஆயத்தத்தின் முதற்படி என்று கொண்டு, அதனை இங்கே ஆராய்வோம்.

1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே தொடங்கியபோது, மழை குறைந்து வெயில் மிகுந்த இப்பூமியின் வறட்சியே அத்தொழிலுக்கு உற்ற துணையாயிற்று. பயிருக்குப் பகையாகிய வறண்ட காற்று, குச்சியை உலர்த்தவும் மருந்தைக் காயவைக்கவும் நட்பாயிற்று. ஆனால் அதே வறட்சி வேறொரு விதத்தில் ஆபத்தையும் கூட்டிற்று என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

பட்டாசு மருந்து எவ்வகையாயினும் அதில் இரண்டு அம்சங்கள் உண்டு: ஒன்று எரியும் பொருள், மற்றொன்று எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தரும் உப்பு. விறகு எரிகையில் பிராணவாயு வெளிக்காற்றிலிருந்து மெல்ல மெல்ல வந்து சேரவேண்டியிருப்பதால், அந்த எரிதலுக்கு ஓர் எல்லை உண்டு. மருந்திலோ, வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட்டும், பச்சை உப்பு என்று தொழிலாளர் வழங்கும் பேரியம் நைட்ரேட்டும், தம்முள்ளே அடக்கி வைத்திருக்கும் பிராணவாயுவை எரிபொருளின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. மணலைப் போட்டு மூடினாலும், போர்வையால் போர்த்தினாலும், காற்றைத் தடுத்து அத்தீயை அணைக்க இயலாமல் போவது இக்காரணத்தினாலேயே. (பேரியம் கலந்த பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடைசெய்து, 2021இல் அத்தடையை மீண்டும் வலியுறுத்தியது.)

எரிபொருள்களுள் முதன்மையானவை கந்தகமும் அலுமினியப் பவுடரும் ஆகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாயுள்ள அலுமினியத் துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்; அதையே ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு அளவுள்ள சிறு கனசதுரங்களாகத் துணித்தால், எடை கடுகளவும் கூடாமல், மேற்பரப்பு மாத்திரம் 6,000 சதுர சென்டிமீட்டராகப் பெருகுகிறது. எரிதல் என்பது மேற்பரப்பில் நிகழும் காரியமாதலால், பொடி நுண்மையாக நுண்மையாக அதன் வேகமும் பன்மடங்காகிறது. பாத்திரமாகச் சமையலறையில் சாதுவாயிருக்கும் உலோகமே கலவை அறையில் இத்தனை உக்கிரம் கொள்வதன் ரகசியம் இதுதான்.

இக்கலவைக்கு உயிரூட்டும் பொறி எங்கிருந்து வருகிறது? செய்தித்தாள்கள் ஒவ்வொரு விபத்தின்போதும், மணிமருந்து எனப்படும் மணிமணியான வெடிக்கலவையில் உராய்வு ஏற்பட்டதாக எழுதுகின்றன. அது உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. வறண்ட நாளில் செயற்கை இழைத் துணி உடுத்து நடமாடும் ஒருவர் மீது, அவர் அறியாமலே பல ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் சேரக்கூடும். அவர் விரல் நுனியிலிருந்து தாவும் பொறி, அவருக்கே உணர்வில் படாத அளவினதாயினும், நுண்பொடியைப் பற்றவைக்கப் போதுமானதாகிவிடலாம். பருத்தி உடையை வற்புறுத்துவதும், அறை வாசலில் தொட்டுவிட்டு நுழையும்படி செப்புத் தகடு பதித்து அதைப் பூமியோடு இணைப்பதும் இதற்காகவே. இனி, வறட்சிக்கு நேர்மாறான ஈரமும் ஆபத்தே என்பது பலரும் அறியாத விஷயம். நனைந்த அலுமினியப் பவுடர் நைட்ரேட் உப்புடன் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. குவியலின் நடுவே வெளியேற வழியற்ற அவ்வெப்பம், மேலும் வினையைத் தூண்டி, தானே பற்றிக்கொள்ளும் நிலைக்கு மருந்தைக் கொண்டுபோய்விடும். கலவையில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பது இவ்வினையை அடக்குவதற்கே. மிஞ்சிய மருந்தை இரவு முழுதும் அறையில் வைத்திருத்தலும், மழையில் நனைந்ததை வெயிலில் காயவைத்து மீண்டும் உபயோகித்தலும் எத்துணைக் கொடிய சாகசங்கள் என்பது இப்போது விளங்கும். கந்தகமும் குளோரேட் உப்பும் கூடினால் இதனினும் எளிதில் பற்றும். ஆகவே அவ்விரண்டையும் கலந்து வெடிபொருள் செய்வதை மத்திய அரசு 1992இல் தடைசெய்தது.

சிறிதளவு மருந்து திறந்த வெளியில் பளீரென்று எரிந்து அடங்கிவிடும். அதே மருந்து குவியலாக இருந்தால் வெடிக்கும். ஆகையால் இத்தொழிலின் பாதுகாப்பு முழுவதும் அளவு, தூரம் என்னும் இரண்டில் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ மருந்து 10 மீட்டர் தொலைவில் உண்டாக்கும் காற்றழுத்தத்தை 20 மீட்டர் தொலைவில் உண்டாக்க 8 கிலோ வேண்டும் என்பது வெடியியலின் பிரமாணம். இதை மறுபுறமாகச் சிந்தித்தால், பெருங்குவியல் ஒன்றைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு அமைந்த அறைகளில் வைத்துவிட்டால், ஓர் அறையில் நேரும் விபரீதம் அடுத்த அறையைத் தீண்டாமல் நின்றுவிடும் என்பது பெறப்படும். பட்டாசு ஆலைகளில் அறைகள் தனித்தனியே நிற்பதும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாதென்று விதித்திருப்பதும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளைக் கேட்பதும் அதிகாரிகளின் மனம்போன போக்கில் எழுந்த விதிகள் அல்ல. பௌதிக சாஸ்திரம் சட்டத்தின் மொழியில் பேசுவதே அது. ஆர்டர் நெருக்கடியில் ஆட்களைக் கூட்டி மரத்தடியிலும் வேலை செய்விக்கும்போதும், ஆலையை உள்குத்தகைக்குப் பலருக்குப் பங்கிட்டு விடும்போதும், அனுமதியின்றி வீட்டுக்குள்ளேயே மருந்தை வைத்துப் பட்டாசு உருட்டும்போதும், அந்த எட்டு மடங்குக் கணக்கு மனிதருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

முதலிப்பட்டியில் தீயைத் தொடர்ந்து எழுந்த பெருவெடிப்பை இவ்வறிவோடு நோக்குவோமாயின், அது விதியின் விளையாட்டன்று என்பது புலனாகும். ஓர் அறையில் எழுந்த தீ, வெப்பத்தாலும் பறக்கும் கங்குகளாலும், சரக்கு நிறைந்த அறையைச் சென்றடையச் சில நிமிஷங்கள் பிடிக்கின்றன; அந்த இடைவெளியே ஜனங்கள் வந்து கூடும் நேரமாயும் அமைந்துவிடுகிறது. உலகின் பிற பாகங்களிலும் இதே சோகம் நிகழ்ந்திருக்கிறது. 1917 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் எரிந்தபோது, வீட்டு ஜன்னல்களின் அருகே நின்று பார்த்த எண்ணற்றோர், கப்பல் வெடித்த கணத்தில் சிதறிய கண்ணாடியால் பார்வை இழந்தார்கள். 2015 ஆகஸ்டில் சீனத்தின் தியான்ஜின் கிடங்கில் மாண்ட 173 பேருள் பெரும் பகுதியினர், உள்ளே இருந்த ரசாயனங்கள் எவையென்று அறியாமல் தீயணைக்கச் சென்ற வீரர்களே. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட்டில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததற்கு முன்னரும் தீயணைப்போர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். அச்செய்தி வந்த சில நாட்களுக்குள், சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஏறத்தாழ 700 டன் அதே உப்பு ஆண்டுக்கணக்காகத் தேங்கியிருந்ததை நாம் அறிந்தோம். அது பின்னர் ஹைதராபாத்துக்கு அகற்றப்பட்டது. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய வேறொரு நாடு எரியவேண்டியிருந்தது. தீ வெடிமருந்தைத் தொட்டுவிட்டபின் அதை அணைக்க முயலாமல், மனிதரை அகற்றிவிட்டு, தொலைவிலிருந்து மற்ற அறைகளைக் குளிர்விப்பதோடு நிற்கவேண்டும் என்பதே அனுபவம் வாய்ந்த தீயணைப்போர் கைக்கொள்ளும் நியதி. அவர்களுக்கே அது நியதியாயின், ஊராருக்கு அது எத்துணை இன்றியமையாதது!

விஷவாயுவின் வழி வேறு. அது காற்றைப் பின்பற்றுவது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் ஏறத்தாழ 40 டன் மெதில் ஐசோசயனேட் வெளியேறியபோது, ஊர் முழுவதையும் எழுப்பியிருக்கவேண்டிய சங்கு உரிய நேரத்தில் தொடர்ந்து ஒலிக்கவில்லை. வந்தது எந்த வாயு என்பதை வைத்தியர்கள் அறியவில்லை. ஜனங்களோ காற்று வீசும் திசையிலேயே, வாயுவின் கூடவே ஓடினார்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஆகிய மீனவர் ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறலால் விழித்தெழுந்து, எங்கே செல்வதென்று தெரியாமல் இருட்டில் ஓடவேண்டியதாயிற்று. காற்றின் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியேறுதல், வெளியேற வழியில்லையாயின் கதவையும் ஜன்னலையும் அடைத்து உள்ளே இருத்தல், அம்மோனியா போல் நீரில் கரையும் வாயுவாயின் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் பள்ளிப் பிள்ளைக்கும் கற்பிக்கத் தக்க எளிய விஷயங்கள். ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே சாத்தூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை, ஆலையில்லாத ஊர்களுக்கும் இப்பாடம் உரியதே. அவ்வண்டிகளின் பலகையில் எழுதப்பட்டிருக்கும் நான்கிலக்க எண், உள்ளிருக்கும் பொருள் இன்னதென்று உலகெங்கும் ஒரே விதமாக அறிவிப்பது. 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். விபத்தைக் கண்டவர் தொலைவில் நின்றபடியே அந்த எண்ணைத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல முடிந்தால், அதுவே பெரிய உபகாரம்.

கதிரியக்கமோ வாசனையும் நிறமும் சூடும் இல்லாதது. அதனாலேயே அது பயத்தையும் அலட்சியத்தையும் ஒருங்கே விளைக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஏழாயிரம்பண்ணை நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது. அந்நிலையத்தின் அவசரகாலத் திட்டம் சுற்றியுள்ள 16 கிலோமீட்டரையே முதன்மையாகக் கருதுவது. ஆனால் கதிரியக்க விபத்துக்கு அணு உலை இருந்தேயாக வேண்டும் என்பதில்லை. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியொன்று மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துசேர, அதை உடைத்தவர்கள் உள்ளிருந்த கோபால்ட்-60 இன்னதென்று அறியாமல் கையாண்டதால், ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றார்கள். 1987இல் பிரேஸில் தேசத்துக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட வைத்தியசாலைக் கருவியிலிருந்து எடுத்த சீசியம்-137 இருளில் நீலமாய் ஒளிர்வதைக் கண்டு வியந்து, உறவினருக்கெல்லாம் அதைப் பகிர்ந்தளித்தார்கள். நால்வர் இறந்தார்கள், 1,12,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க நேர்ந்தது. மூன்று இதழ் கொண்ட அபாயக் குறியைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் அவ்விடங்களில் இருந்திருந்தால், இரண்டு விபத்துகளும் அங்கேயே நின்றிருக்கக்கூடும்.

வெடிமருந்து, விஷவாயு, கதிரியக்கம் என்று மூவேறு அபாயங்களைக் கண்டோம். அவற்றிலிருந்து தப்பும் மார்க்கமோ ஏறக்குறைய ஒன்றே. அபாயத்தின் அருகே கழிக்கும் காலத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், இடையே சுவரையோ மண்மேட்டையோ அமைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றுமே அம்மார்க்கம். கதிர்வீசும் சிறு பொருளிடமிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் பத்து மீட்டருக்கு விலகினால், அவர் பெறும் கதிர் நூற்றிலொரு பங்காகச் சுருங்குகிறது. ரசாயனப் பொடியோ கதிரியக்கத் தூசோ மேலே படிந்துவிட்டால், மேலுடையைக் களைந்தவுடனே அதில் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சியதைச் சோப்பும் நீரும் போக்கும். இவற்றுள் எதற்கும் பொருட்செலவு அதிகமில்லை; முன்கூட்டியே தெரிந்திருத்தல் ஒன்றே விலை.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. போபாலுக்குப் பின்னர் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகர ரசாயனங்கள் பற்றிய விதிகளும், 1996இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்ட விதிகளும் பிறந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரசாயனம் வைத்திருக்கும் ஆலை, தன் மதிலுக்குள் நிகழ்வதற்கு ஒரு திட்டம் வகுத்து ஆறு மாதங்களுக்கொரு முறை ஒத்திகை பார்க்கவேண்டும். மதிலுக்கு வெளியே மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கொரு முறையேனும் ஒத்திகை நடத்தவேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய ஆணையம், 2007இல் ரசாயனப் பேரிடருக்கும் 2009இல் கதிரியக்க அவசர நிலைக்கும் வழிகாட்டு நூல்களை வெளியிட்டிருக்கிறது. அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இவ்வகை விபத்துகளுக்குப் பயிற்சி பெற்றதே. எனினும், பெரும் ஆலையை மனத்தில் வைத்து எழுந்த இவ்விதிகளின் அளவுகோலால் அளந்தால், சிறு பட்டாசு ஆலை ஒவ்வொன்றும் தனித்தனியே வரம்புக்குள் அடங்கிவிடக்கூடும். வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் அடுத்தடுத்து நிற்கும் அவையனைத்தின் இருப்பையும் சேர்த்து எண்ணினாலோ, அது ஒரு மாபெரும் ரசாயனக் கிடங்கே ஆகும். ஆதலால், ஆலைவாரியாக அன்றி வட்டாரவாரியாகத் திட்டம் வகுப்பதே இப்பிரதேசத்துக்குப் பொருந்தும்.

அத்திட்டத்தில் முதலிடம் பெறவேண்டியது எது என்று கேட்டால், ஆலை வாசலில் வைக்கவேண்டிய பெயர்ப் பட்டியல் என்றே சொல்வேன். வெடிச்சத்தம் கேட்ட தாய் ஏன் ஆலைக்குள் ஓடுகிறாள்? தன் மகள் உள்ளே இருக்கிறாளா, வெளியே வந்துவிட்டாளா என்பது அவளுக்குத் தெரியாது. சொல்வதற்கும் எவரும் இலர். அன்று காலை எந்த அறையில் யார் யார் வேலைக்கு அமர்ந்தார்கள் என்னும் பதிவேட்டின் நகல் மதிலுக்கு வெளியே எப்போதும் இருக்கவேண்டும். தப்பியவர்கள் எல்லாரும் வந்து நிற்பதற்கென்று, எட்டத்தில், ஊரறிய ஓரிடம் குறித்திருக்கவேண்டும். போர்மேன் அங்கே நின்று பெயர் அழைக்கவேண்டும். உறவினர் ஆலைக்கு வராமல் அவ்விடத்துக்கு வரவேண்டும் என்பது கிராமசபையிலே பேசி முடிவான வழக்கமாகிவிடவேண்டும். உள்குத்தகையும் கணக்கில்லா ஆட்களும் இருக்கும்வரை இப்பட்டியல் பொய்யாகவே இருக்கும். எனவே விதிமீறலை ஒழிப்பதும் மீட்புப் பணியின் ஓர் அங்கமே.

அடுத்து, வைத்தியம். தீக்காயத்தின் மேல் மையையும் மாவையும் நெய்யையும் பூசாமல், ஓடும் சாதாரண நீரில் இருபது நிமிஷம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, 108க்குச் சொல்லவேண்டும். காயம் பெரிதாயின் உடல் குளிர்ந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கைவிரல்கள் சேர்ந்த உள்ளங்கையின் அளவு உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு என்னும் கணக்கைக் கிராமச் செவிலியர் அறிந்திருந்தால், காயத்தின் பரப்பை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கலாம். பெருங்காயம் பட்டவர் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் உடலின் நீர்ச்சத்தை வெகுவாக இழப்பதால், தாமதமின்றி அவருக்கு இரத்தக் குழாய் வழியே திரவம் செலுத்தப்படவேண்டும். லேசான காயமுற்றவர்களே நடந்தும் வண்டியேறியும் முதலில் ஆஸ்பத்திரியை அடைந்து படுக்கைகளை நிரப்பிவிடுவது எல்லாப் பெருவிபத்துகளிலும் கண்ட அனுபவம். ஆகவே சாத்தூருக்கு யார், சிவகாசிக்கு யார், விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் யார் என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளவேண்டும்.

இவை அனைத்தும் ஏட்டில் எழுதிவைப்பதால் பலன் தாரா. ஆபத்து வேளையில் மனிதன் யோசித்து நடப்பதில்லை, பழகியபடியே நடக்கிறான். கால்கள் பழகவேண்டுமாயின் ஒத்திகை வேண்டும். கோடை உச்சத்திலும், தீபாவளிக்கு முந்திய வேலை நெருக்கடியிலும் விபத்துக்கு இடம் அதிகமாதலால், ஆண்டுதோறும் அவ்விரு பருவங்கள் தொடங்குமுன் ஊர் முழுவதும் கலந்துகொள்ளும் ஒத்திகையை ஆலை முதலாளிகளும் மாவட்ட நிர்வாகமும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து நடத்துவது தர்மமாகும். அன்றைக்குரிய கூலியைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு நடத்துவது நியாயமுமாகும். பிறர் துன்பத்தைக் கண்டு ஓடிவரும் நெஞ்சம் நம் கிராமங்களுக்கு இயல்பாகவே வாய்த்த செல்வம். அதைக் குறைக்கும்படி எந்தச் சாஸ்திரமும் சொல்லாது. அந்நெஞ்சத்தை எங்கே நிறுத்துவது, எவ்வழியில் செலுத்துவது என்று கற்பிக்கும் பொறுப்போ, இத்தொழிலால் பயனடையும் நம் அனைவரையும் சேர்ந்தது.